ஒரு கிராமுக்குள் ஆயிரம் சதுர மீட்டர்: அளவு எங்கே பிசகுகிறது?

செயலூட்டிய கரி ஒரு கிராமில் துளைச் சுவர்களின் பரப்பு 1,000 சதுர மீட்டரைத் தாண்டக்கூடும். அதை யாரும் நேரடியாக அளப்பதில்லை. மைனஸ் 196 டிகிரி செல்சியஸில் நைட்ரஜனைச் செலுத்தி, சுவரில் ஒட்டிய வாயு எவ்வளவு என்று பார்க்கிறோம். புரூனௌர், எம்மெட், டெல்லர் மூவரும் 1938-இல் தந்த சமன்பாடு அதிலிருந்து ஒற்றை அடுக்குக்குத் தேவையான அளவைப் பிரித்துத் தரும். ஒரு மூலக்கூறு 0.162 சதுர நானோமீட்டரை மூடும் என்று வைத்துக்கொண்டால், திட்ட நிலையில் (0 டிகிரி செல்சியஸ், ஒரு வளிமண்டல அழுத்தம்) ஒரு கன சென்டிமீட்டர் நைட்ரஜன் 4.35 சதுர மீட்டருக்குச் சமம்.

கருவி இரண்டு தசம இடம் வரை எண்ணை அச்சிட்டுத் தரும். ஆனால் பெரிய பிழைகள் பெரும்பாலும் கருவி ஓடுவதற்கு முன்பும் ஓடி முடித்த பின்பும்தான் நுழைகின்றன.

முதலாவது, வாயு நீக்கம்: அளப்பதற்கு முன் மாதிரியைச் சூடாக்கி, துளைகளில் தங்கிய ஈரத்தையும் வாயுவையும் வெளியேற்றுவது. துளைக்குள் ஈரம் தங்கினால் நைட்ரஜனுக்கு இடமில்லை, பரப்பு குறைவாகத் தெரியும். ஈரத்தை விரட்ட அதிகம் சூடாக்கினால் மென்மையான கட்டமைப்பு சரிந்துவிடும், அப்போதும் பரப்பு குறையும். இரண்டு தவறும் ஒரே திசையில் விழுவதால் முடிவைப் பார்த்துக் காரணம் சொல்ல முடியாது. சியோலைட் என்ற நுண்துளைக் கனிமத்துக்கு 300 டிகிரி வரை போகலாம். ஆனால் நிமிடத்துக்கு ஓரிரு டிகிரி என மெதுவாக ஏற்றி, 100 டிகிரிக்குக் கீழேயே பெரும்பாலான நீரை வெளியேற்றிவிட வேண்டும். அவசரப்பட்டால் நீராவி தூளையே குழாயிலிருந்து தூக்கி எறியும். முடிந்ததா என்று அறிய, வால்வை மூடிவிட்டு அழுத்தம் ஏறுகிறதா என்று கவனியுங்கள்; ஏறினால் இன்னும் முடியவில்லை.

எடை போடுவதில் ஒரு பொறி இருக்கிறது. 20 மில்லிலிட்டர் குழாயில் இருக்கும் காற்றின் எடை சுமார் 24 மில்லிகிராம், அதே இடத்தில் ஹீலியம் இருந்தால் மூன்றரைகூட இல்லை. காலிக் குழாயைக் காற்றோடும், மாதிரியுள்ள குழாயை ஹீலியத்தோடும் எடை போட்டால் 100 மில்லிகிராம் மாதிரி 80 என்று காட்டும். கிராமுக்கான பரப்பு 25 சதவீதம் கூடிவிடும்! இரு முறையும் ஒரே வாயு இருக்கட்டும். எடை வாயு நீக்கத்துக்குப் பிந்தியதாக இருக்கட்டும்.

திரவ நைட்ரஜன் திறந்தே கிடந்தால் காற்றிலுள்ள ஆக்சிஜன் அதில் கரைந்து வெப்பநிலை சற்று உயரும். 0.1 டிகிரி உயர்ந்தாலே பூரித அழுத்தம் (அந்த வெப்பநிலையில் நைட்ரஜன் வாயு திரவமாகும் அழுத்தம்) ஒரு கிலோபாஸ்கலுக்கு மேல் மாறும். அதனால் பூரித அழுத்தத்தைத் தனிக் குழாயில் அவ்வப்போது அளக்க வேண்டும். குழாயின் காலி இடத்தை அளக்க விட்ட ஹீலியம் மிகக் குறுகிய துளைகளில் சிக்கிக்கொள்வதும் உண்டு. அந்த அளவீட்டைக் கடைசிக்குத் தள்ளினால் தப்பிக்கலாம்.

அடுத்தது கணக்கு. ஒப்பு அழுத்தம் (வாயுவின் அழுத்தத்தைப் பூரித அழுத்தத்தால் வகுத்தது) 0.05 முதல் 0.30 வரை என்பது பழகிப்போன வரம்பு. நுண்துளைகளோ அதற்கு வெகு முன்பே நிரம்பிவிடும். வாயு அளவை (1 − ஒப்பு அழுத்தம்) ஆல் பெருக்கி, அது தொடர்ந்து ஏறும் பகுதியை மட்டும் எடுக்க வேண்டும். சமன்பாட்டிலுள்ள சி மாறிலி (சுவர் வாயுவை எவ்வளவு வலுவாக ஈர்க்கிறது என்று காட்டும் எண்) எதிர்மறையாக வந்தால் அந்த விடை செல்லாது. 2022-இல் வெளியான ஓர் ஆய்வில் 61 ஆய்வகங்களிடம், அழுத்தத்துக்கு ஏற்ப ஒட்டிய வாயுவின் அளவைக் காட்டும் ஒரே 18 வளைவுகளைக் கொடுத்தார்கள். அளவீடு பொது, கணக்கு மட்டுமே தனித்தனி. அப்படியிருந்தும் விடைகள் சிதறின.

மூலக்கூறின் 0.162-கூட நிலையானதல்ல. ஹைட்ராக்சில் தொகுதிகள் உள்ள சிலிக்காவில் நைட்ரஜன் நிமிர்ந்து நின்று குறைந்த இடத்தை அடைக்கும், அதனால் பரப்பு மிகையாகும். அங்கே 87 கெல்வினில் ஆர்கான் நம்பகமானது. அறிக்கையில் பரப்போடு, வாயு நீக்க வெப்பநிலை, நேரம், மாதிரியின் எடை, எடுத்த அழுத்த வரம்பு, சி மாறிலி ஆகியவற்றையும் எழுதுங்கள்.