சக்கைக் கொட்டையை வெயிலில் போடாதீர்கள்

ஆனி, ஆடி வந்தால் குமரி மாவட்டத்தின் குலசேகரம், அருமனை, கருங்கல் பக்கமிருந்து சக்கை, அதாவது பலாவின் கொட்டை பற்றி ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. "நல்ல வருக்கைச் சக்கையோட கொட்டை. கழுவி, மூணு நாள் வெயில்ல காயவச்சு, சாம்பல் புரட்டி டப்பாவுல வச்சிருந்தேன். ஒண்ணுகூட முளைக்கல." இந்தப் பருவத்தில் ஜாதிக்காய்க்கும் ரப்பருக்கும் அதே புகார். மண் சரியில்லை என்கிறார்கள், உரம் போதவில்லை என்கிறார்கள். முளைக்க உரம் எதற்கு? காயவைத்த வெயிலிலேயே அந்த விதை செத்துவிட்டது.

விதை என்றால் காய வேண்டும் என்ற எண்ணம் நெல்வயலிலிருந்து வந்தது. நெல்லுக்கு அது முழுக்கச் சரி. கும்பப்பூப் பருவத்தில் அறுத்ததை அடுத்த கன்னிப்பூப் பருவத்துக்கு விதைநெல்லாக வைக்க வேண்டுமானால் ஈரப்பதம் 13 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கத்தரி, மிளகாய் விதையை இன்னும் காயவைத்து, 8 சதவீதம் வரை இறக்கலாம். காயக் காய அவற்றின் ஆயுள் கூடும். ஏன் கூடுகிறது என்று தெரிந்தால்தான் சக்கைக்கு ஏன் கூடாது என்பது புரியும். நெல்மணி கதிரில் இருக்கும்போதே தாய்ச்செடி அதைக் காய்வதற்குத் தயார் செய்கிறது. செல்களுக்குள் சில சர்க்கரைகளையும் பாதுகாப்புப் புரதங்களையும் சேர்த்து வைக்கிறது. தண்ணீர் வெளியேறும்போது செல்களின் மெல்லிய சவ்வு கிழியாமல் காப்பவை இவைதான். அதன் பிறகே மணி காய்கிறது, கரு உறங்குகிறது.

சக்கைக் கொட்டையில் அந்த ஏற்பாடு கிடையாது. பழம் பழுத்து விழும்போதும் கொட்டையின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர்தான். கரு உறங்குவதே இல்லை. மிகவும் பழுத்த சக்கையை வெட்டினால் உள்ளேயே வேர் விட்ட கொட்டைகளைப் பார்த்திருப்பீர்கள். மாங்கொட்டை, ரப்பர், ஜாதிக்காய், கிராம்பு எல்லாம் இதே வகை. மழைக்காட்டு மரங்கள் ஈர மண்ணில் விதையைப் போடுகின்றன. அந்த விதை மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டிய தேவையே அவற்றுக்கு இருந்ததில்லை. இத்தகைய விதையிலிருந்து தண்ணீரைப் பிடுங்கினால் சவ்வு உடைகிறது. உடைந்தது திரும்ப ஒட்டாது.

"காய்ந்தால் என்ன, ஒரு ராத்திரி ஊறவைத்தால் உயிர் வந்துவிடும்" என்று அடுத்த வாதம் வருகிறது. தயவுசெய்து இதை நம்பாதீர்கள். ஊறவைத்தால் கொட்டை உப்பும், உண்மைதான். மாவுச்சத்து தண்ணீர் குடிப்பதால் உப்புகிறது, செத்த விதையும் அப்படித்தான் உப்பும். இரண்டு மூன்று நாளில் நாற்றமும் பூஞ்சையும் வரும். அதைப் பார்த்துவிட்டு "ஈரத்தால் அழுகிவிட்டது, அடுத்த தடவை இன்னும் நன்றாகக் காயவைக்க வேண்டும்" என்று முடிவு கட்டுகிறார்கள். தப்பு மேலும் வலுப்படுவது இங்கேதான். ஈரம் கொல்லவில்லை. செத்ததை ஈரம் அழுகவைத்தது, அவ்வளவே.

ஃப்ரிட்ஜும் வேண்டாம். நம் ஊர் மரங்களின் இந்த விதைகளுக்குக் குளிர் ஆகாது. காற்றுப் புகாத டப்பாவும் வேண்டாம். உறங்காத விதை மூச்சுவிட்டுக்கொண்டே இருக்கும், அடைத்தால் புழுங்கிச் சாகும்.

எதைக் காயவைக்கலாம், எதைக் கூடாது? ஈரச் சதைக்குள் இருப்பதெல்லாம் காயவைத்தால் தாங்காது என்று எண்ணிவிடாதீர்கள். தக்காளி, பப்பாளி, பூசணி விதைகள் சதைக்குள் இருந்தாலும் நன்றாகக் காயவைத்துச் சேமிக்கலாம். ரப்பரோ நேர்மாறு. காய்ந்த காய் வெடித்து, மினுமினுப்பான கெட்டி ஓட்டோடு விழுகிறது. அந்த ஓட்டைப் பார்த்துத்தான் பலர் ஏமாறுகிறார்கள். உள்ளே பருப்பு ஈரமாக இருக்கும்வரைதான் அதற்கு உயிர்.

ரப்பர் விதை ஆடி முதல் புரட்டாசி வரை விழும். கேரள நாற்றங்கால்களுக்கும் நம் மாவட்டத்திலிருந்தே போகிறது, அதனால் இங்கே கவனம் கூடுதலாக வேண்டும். தினமும் பொறுக்குங்கள். பத்து விதையை உடைத்துப் பாருங்கள். பருப்பு வெள்ளையாக, ஓடு நிறைய இருந்தால் நல்லது. மஞ்சளித்துச் சுருங்கியிருந்தால் அந்தக் குவியலை வாங்காதீர்கள். நிழலில் மேட்டுப்பாத்தி போட்டு, ஐந்து சென்டிமீட்டர் மணல் பரப்பி, விதைகளை ஒரே அடுக்காக நெருக்கி அழுத்தி வையுங்கள். மேற்புறம் சற்றே தெரிய வேண்டும். நனைத்த சாக்கால் மூடுங்கள். ஒரு வாரத்தில் முளை தெரியத் தொடங்கும். முளைத்ததை அன்றன்றே எடுத்து நட வேண்டும், வேர் நீண்டுவிட்டால் உடையும். மூன்று வாரம் ஆகியும் முளைக்காததை எறிந்துவிடுங்கள். மணலுக்குப் பதில் எம்-சாண்ட் என்றால் தூள் போகக் கழுவிவிட்டுப் பயன்படுத்துங்கள், இல்லாவிட்டால் பாத்தி இறுகிவிடும்.

சக்கைக் கொட்டையின் வழுவழுப்புப் போகக் கழுவி, அன்றோ மறுநாளோ நாற்றுப்பையில் படுக்கைவாக்கில் ஓர் அங்குல ஆழத்தில் ஊன்றுங்கள். வேர் வேகமாக இறங்கும், பையில் நாள்கணக்கில் சுருள விடாதீர்கள். மாங்கொட்டையின் நார் மூடிய மேலோட்டை ஓரத்தில் வெட்டிப் பிரித்து, வண்டு துளைத்ததைத் தள்ளிவிட்டு, பருப்பின் வளைந்த முதுகு மேலே பார்க்கும்படி வைக்க வேண்டும். ஒரே கொட்டையில் மூன்று நான்கு கன்று வந்தால் பயப்பட வேண்டாம். மேற்குக் கடற்கரை ரகங்கள் பலவற்றில் இது இயல்பு.

ஜாதிக்காயில் தவறு நேர்வது உலர்த்தும் தட்டில். மசாலாவுக்கு உலர்த்திய கொட்டை, குலுக்கினால் 'கடகட' என்று ஆட வேண்டும். ஆடினால் பருப்பு சுருங்கிவிட்டது என்று அர்த்தம், விதைக்கு உதவாது. மரத்தில் வெடித்த காயை எடுத்து, கொட்டையைச் சுற்றியுள்ள சிவப்பு ஜாதிபத்திரியை உரித்து, இரண்டு மூன்று நாளுக்குள் மணலில் ஊன்றுங்கள். முளைக்க ஒரு மாதம் முதல் மூன்று மாதம் வரை ஆகும், அவசரப்பட்டுத் தோண்டிப் பார்க்காதீர்கள்.

முளைத்தவற்றில் ஏறக்குறைய பாதி ஆண் மரமாகிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். ஆணா பெண்ணா என்பது பூத்த பிறகே தெரியும், அதற்கு ஐந்தாறு வருடமோ கூடுதலோ ஆகும். இலையைப் பார்த்து "இது பெண் கன்று" என்று விற்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள். விளைச்சலுக்கு நடுபவர்கள் பெண் மரத்துக் குச்சியில் கட்டிய ஒட்டுக்கன்றை வாங்கி, பத்துக்கு ஒன்று ஆண் மரம் வைத்தால் போதும்.

சக்கைக் கொட்டையை வெளியூர்ச் சொந்தக்காரருக்கு அனுப்ப வேண்டுமா? நனைத்துப் பிழிந்த தென்னை நார்க்கழிவுக்குள் ஒன்றோடொன்று ஒட்டாமல் புதைத்து, துளையிட்ட பையில் கட்டி, கையோடு கொடுத்துவிடுங்கள். காரில் என்றால் வெயில் படாத இடத்தில் வைக்கச் சொல்லுங்கள், போய்ச் சேர்ந்த அன்றே ஊன்றவும் சொல்லுங்கள்.