எடைக்கல்லை எடைபோடுவது எது?

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில், எனாமல் சட்டிகளுக்கு நடுவே பித்தளைப் படிகளும் மரக்கால்களும் அடுக்கியிருப்பதைக் காணலாம். 8 ஆழாக்கு ஒரு படி, 8 படி ஒரு மரக்கால், 12 மரக்கால் ஒரு கலம் என வாய்பாடு தெளிவாகவே இருந்தது. ஆனால் படியின் கொள்ளளவு ஊருக்கு ஊர் மாறியதோடு, தலைதட்டி அளப்பதா, குவித்து அளப்பதா என்பதும் அளப்பவர் கையில் இருந்தது. என் அப்பத்தா படி அரிசியின் விளிம்பை உள்ளங்கையால் வழித்துவிடுவார். அண்டை வீட்டுக்குக் கைமாற்றுக் கொடுக்கும்போது மட்டும் வழிக்கமாட்டார். பொன் நிறுக்கக் குன்றிமணி இருந்தது. எனினும் எந்த இரண்டு விதைகளும் ஒரே எடையில் காய்ப்பதில்லை.

இதே குழப்பம் பிரான்சிலும் இருந்தது. எல்லா மக்களுக்கும் பொதுவான அளவு பூமியிலிருந்தே பெறப்பட வேண்டும் என்று கருதிய அந்நாட்டு அறிஞர்கள், வடதுருவத்திலிருந்து நிலநடுக்கோடு வரையுள்ள தூரத்தில் ஒரு கோடியில் ஒரு பங்கே மீட்டர் என வகுத்தனர். அதற்காக வானியலாளர்களான தெலாம்பரும் மெஷேனும் 1792-இல் தொடங்கி, டன்கிர்க் முதல் பார்சிலோனா வரை ஆண்டுக்கணக்கில் அளந்தார்கள். ஒவ்வொரு பக்கமும் 10 சென்டிமீட்டர் உள்ள கனசதுரத்தின் கொள்ளளவு ஒரு லிட்டர். அதில் நிறையும் நீரின் எடை ஒரு கிலோகிராம். நீளமும் கொள்ளளவும் எடையும் இப்படி ஒரே இழையில் கோக்கப்பட்டதுதான் இம்முறையின் உண்மையான அழகு என்பேன். நம் சாணுக்கும் படிக்கும் வீசைக்கும் அத்தகைய உறவு கிடையாது. இந்தியாவில் 1956-இல் சட்டம் இயற்றப்பட்டு, 1958 அக்டோபர் முதல் மெட்ரிக் எடைகள் படிப்படியாக நடைமுறைக்கு வந்தன.

நீரை ஒவ்வொரு முறையும் துல்லியமாக நிறுப்பது கடினம் என்பதால், 1889-இல் பிளாட்டினம்-இரிடியம் உருளை ஒன்றே கிலோகிராம் என அறிவிக்கப்பட்டு, பாரிசுக்கு அருகே கண்ணாடிக் கூடுகளுக்குள் வைக்கப்பட்டது. நூறாண்டுக்குப் பின் ஒப்பிட்டபோது, அதன் நகல்கள் பலவற்றுக்கும் மூலத்துக்கும் இடையே சுமார் 50 மைக்ரோகிராம் வேறுபாடு தெரிந்தது. மாறியது மூலமா, நகல்களா என்று கேட்கவும் வழியில்லை. வரையறைப்படி மூலம் எப்போதும் சரியாக ஒரு கிலோகிராமே.

பிரிட்டிஷ் இயற்பியலாளர் பிரையன் கிப்புள் 1975-இல் முன்மொழிந்த தராசு இதற்கு வழி திறந்தது. அதில் எடைக்கல்லுக்கு எதிராக நிற்பது, காந்தப்புலத்தில் தொங்கும் கம்பிச் சுருள். அதில் மின்னோட்டம் பாய்ச்சினால் எழும் விசை கல்லின் எடையைத் தாங்குகிறது. பின்னர் கல்லை எடுத்துவிட்டு, அதே சுருளை அதே புலத்தில் அறிந்த வேகத்தில் நகர்த்தி, உண்டாகும் மின்னழுத்தத்தை அளக்கிறார்கள். இரண்டு அளவீடுகளையும் சேர்க்கும்போது, துல்லியமாக அளக்கக் கடினமான காந்தப்புல வலிமையும் கம்பியின் நீளமும் கணக்கிலிருந்து நீங்கிவிடுகின்றன. எஞ்சும் மின்னோட்டத்தையும் மின்னழுத்தத்தையும் குவாண்டம் விளைவுகளைக் கொண்டு அளப்பதால், எடைக்கல், குவாண்டம் இயற்பியலின் மாறாத அடிப்படை எண்ணான பிளாங்க் மாறிலியோடு நேரடியாகப் பிணைக்கப்படுகிறது.

2019 மே 20 முதல் அம்மாறிலியின் மதிப்பு 6.62607015 × 10⁻³⁴ ஜூல்-வினாடி என நிலைநிறுத்தப்பட்டு, கிலோகிராம் அதிலிருந்து பெறப்படுகிறது. பழைய உருளையோடு பொருந்தும்படி அந்த எண் தேர்ந்தெடுக்கப்பட்டதால், கழுத்துரு செய்யப் பொன் நிறுக்கும் காரைக்குடிக் கடையில் அன்றும் ஒரு பவுன் 8 கிராமாகவே நின்றது. முத்திரையிட்ட எடைக்கற்களில் ஒன்றைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை.