அஸ்வெசுமவில் பெயர் இல்லையா? மற்றக் கொடுப்பனவுகளைக் கேட்டீர்களா?

இலங்கை அரசின் நலன்புரிக் கொடுப்பனவான அஸ்வெசுமவின் பட்டியலில் பெயர் இல்லை என்றதும் இனி ஒன்றும் கிடைக்காது என்று பலர் கந்தோர்ப் பக்கமே போவதில்லை. 70 வயதைத் தாண்டிய வறிய முதியோர், மாற்றுத்திறனாளிகள், சிறுநீரக நோயாளர் ஆகியோருக்கான கொடுப்பனவுகள் வேறு. ஊரில் பிச்சைச்சம்பளம் என்கிற பொது உதவிப்பணமும் வேறு. பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரைக் கண்டு ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். கேட்காவிட்டால் யாரும் சொல்லமாட்டார்கள். கர்ப்பிணிகளின் போசாக்குக் கொடுப்பனவுக்கு முதலில் குடும்பநல மாதுவிடம் பதிய வேண்டும்.

அஸ்வெசுமவில் 22 குறிகாட்டிகளை வைத்துப் புள்ளி போடுகிறார்கள். யாழ்ப்பாணத்தில் அது பிழையாகிப்போவது பெரும்பாலும் வீட்டு விஷயத்தில்தான். கனடாவில் இருக்கும் தமையனின் மாடிவீட்டைப் பார்த்துக்கொண்டு இருப்பவருக்கு அந்த வீடே சொந்தம் என்று பதிந்துவிடுகிறார்கள். முற்றத்தில் நிற்கும் உறவினரின் மோட்டார் சைக்கிளும் அப்படித்தான். வருசத்தில் ஒருமுறை வெளிநாட்டிலிருந்து வரும் காசு மாத வருமானம் ஆகிவிடும். வீடும் வாகனமும் யாருடையவை என்பதற்குக் காணி உறுதியின் பிரதி, உரிமையாளரின் கடிதம், வாகனப் புத்தகத்தின் பிரதி எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். விபரம் எடுக்க வருபவர் போனில் பதிந்ததை அனுப்பமுதல் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். அது உங்கள் வீட்டு விபரம், கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

தெரிவானவருக்கும் காசு வராமல் நிற்கும். அடையாள அட்டையில் ஒரு பெயர், வங்கிப் புத்தகத்தில் தலைப்பெழுத்து மாறி இன்னொன்று. முதலில் வங்கியில் அதைத் திருத்துங்கள்.

மேன்முறையீட்டுக்கு அறிவித்த திகதி கடந்தால் அடுத்த சுற்றுவரை காத்திருக்க வேண்டியதுதான். ஆகவே "பிறகு வாங்கோ" என்ற பதிலோடு திரும்பாதீர்கள். விதானையாரிடம் (கிராம அலுவலர்) போ, கச்சேரிக்கு (மாவட்டச் செயலகம்) போ என்று அலைக்கழித்தால், எந்தக் கடதாசி குறைகிறது என்று எழுதித் தரச் சொல்லுங்கள். நெடுந்தீவில் இருந்து படகேறி வருபவரை வாய்ச்சொல்லை நம்பி அலையவிடுவது அநியாயம். வரமுன் நலன்புரி நன்மைகள் சபையின் 1924 இலக்கத்துக்கு அழைத்து உங்கள் விண்ணப்பத்தின் நிலையைக் கேளுங்கள்.

எழுதித் தர மறுத்தால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. அதே கந்தோரின் தகவல் அலுவலரிடம், "எனது விண்ணப்பம் எந்தக் காரணத்தால் நிராகரிக்கப்பட்டது? எனக்கு எத்தனை புள்ளி?" என்று தமிழில் எழுதிக் கொடுங்கள். எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால் அந்த அலுவலரே எழுதிக்கொள்ள வேண்டும். தருவதா இல்லையா என்று 14 வேலைநாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். திகதியிட்ட பற்றுச்சீட்டைக் கையில் வாங்காமல் வெளியே வராதீர்கள்.