நாணல்மீனை விலாங்கு ஆக்க வேண்டாம்

வண்ணமீன் வளர்ப்பவர்கள் பேச்சிலும் விலங்குப் படங்களின் தமிழ்க் குரலிலும் ‘கயிற்று விலாங்கு’ என்ற பெயரைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. ஆங்கிலத்தில் ரோப்ஃபிஷ், ரீட்ஃபிஷ் என்று இரு பெயர்கள் வழங்கும் இந்த மீன், பெனின், நைஜீரியா, கேமரூன் நாடுகளில் ஓட்டம் தணிந்த ஆறுகளிலும் தேங்குநீரிலும் வாழ்ந்து, இரவில் புழு பூச்சிகளைத் தேடித் தின்பது. அந்த இரு பெயர்களிலும் விலாங்கு இல்லை. அதை நுழைத்தவர்கள் நம்மவர்களே.

இதன் அறிவியல் பெயர் வந்த வழி சிறிது. 1865இல் ஜான் அலெக்சாண்டர் ஸ்மித் இதற்கு எர்பெட்டோஇக்திஸ் கலபாரிக்கஸ் என்று பெயரிட்டார். ஊர்வன, மீன் என்னும் இரு கிரேக்கச் சொற்களோடு நைஜீரியாவின் கலபார் என்னும் ஊர்ப்பெயர் சேர்ந்தது அது. ஏற்கெனவே இருந்த வேறொரு மீன்பெயரோடு குழம்பும் என்று கருதி, மறு ஆண்டே ‘நாணல் மீன்’ எனப் பொருள்படும் கலமோஇக்திஸ் என்று மாற்றினார். அந்த மாற்றம் தேவையற்றது என்று பின்னர் முடிவாகி, முதற்பெயரே நிலைத்தது.

விலாங்கு என்பது நீளமாக நெளியும் மீன்களுக்கெல்லாம் பொதுப்பெயர் அன்று. கடலில் பிறந்து, ஆற்றில் வளர்ந்து, முட்டையிட மீண்டும் கடலுக்கே போகும் ஒரு தனி இனத்துக்கு நம் முன்னோர் இட்ட பெயர் அது. பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டும் என்று பழமொழி வைக்கும் அளவுக்கு அதை அவர்கள் கூர்ந்து பார்த்திருக்கிறார்கள். விலாங்குக்கும் இந்த மீனுக்கும் இடுப்புத் துடுப்பு இல்லை என்பது மெய்தான். ஒற்றுமை ஏறக்குறைய அவ்வளவே. விலாங்கின் முதுகுத் துடுப்பு வாலைச் சுற்றி வயிற்றுப்புறத் துடுப்போடு ஒரே பட்டையாக இணையும். இதன் முதுகிலோ ஏழு முதல் பதின்மூன்று வரை சிறு துடுப்புகள், ஒவ்வொன்றும் முள்ளோடு, தனித்தனியே எழுந்து நிற்கும். விலாங்கின் செதில் தோலுக்குள் புதைந்து கைக்கு வழுவழுப்பாக இருக்கும். இதற்கோ பளபளக்கும் கடினமான சாய்சதுரச் செதில்கள் கவசம்போல் உடலைப் போர்த்தியிருக்கும். போதாக்குறைக்கு இரண்டு நுரையீரல்கள். ஈரம் இருந்தால் சிறிது நேரம் தரையிலும் ஊர்ந்து உயிரோடு இருக்கும்.

முதுகு முட்களை மட்டும் கொண்டு நம் நாட்டில் ஒப்புமை தேடினால், சங்கப் பாடல்களில் குருகு இரையாக்கும் ஆரல்தான் இன்னும் நெருங்கி நிற்கும். அதற்காக இதை ஆரல் என்றும் சொல்லிவிட முடியாது. ஆரலும் வேறு குலம். தோற்றத்தை மட்டும் பார்த்து உறவு கற்பிக்கும் இந்தப் பழக்கம் புதிதன்று. தென் அமெரிக்க ஆறுகளில் கெளுத்தி இனத்துக்கு அருகில் வரும் ஒரு மீனை ஆங்கிலேயர் தவறாக ஈல் என்றார்கள். நாம் அந்தத் தவற்றையும் சேர்த்தே மொழிபெயர்த்து ‘மின்விலாங்கு’ ஆக்கினோம். அங்கேயாவது பழியை ஆங்கிலத்தின் மேல் போடலாம். கயிற்று விலாங்குக்கு அந்தச் சாக்கும் இல்லை. மூலத்தில் ‘மீன்’ என்று தெளிவாக இருக்கும்போது, படத்தைப் பார்த்துப் பெயரைத் திருத்தும் உரிமையை மொழிபெயர்ப்பாளருக்கு யார் கொடுத்தார்கள் என்பது விளங்கவில்லை.

கயிற்றுமீன் என்பதில் பிழையில்லை. ஆனால் அது வடிவத்தை மட்டுமே சொல்கிறது. பாம்புமீன் என்றால் நஞ்சுள்ளதோ என்று கேட்பவர்கள் வருவார்கள். கரையோரச் செடிச்செறிவில் பதுங்கி வாழ்வதையும், ஸ்மித் இட்ட இரண்டாம் பெயரின் பொருளையும் ஒருசேரத் தாங்குவது நாணல்மீன். நான் அதையே எழுதுகிறேன். இதன் நெருங்கிய உறவான பாலிப்டெரஸ் இனத்துக்கு, அந்தக் கிரேக்கப் பெயரின் பொருளையொட்டிப் பல்துடுப்பு மீன் என்று சொல்லலாம்.