'கார்டு வேற ஊர்ல இருக்கே' என்று அங்கன்வாடியில் திருப்பி அனுப்பினால்

ஆறு மாதம் முதல் ஆறு வயது வரை உள்ள குழந்தைக்கு அங்கன்வாடியில் இலவச உணவு உண்டு. கர்ப்பிணிக்கும், பிரசவமாகி ஆறு மாதம் வரை தாய்க்கும் உண்டு. 2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் இதை உரிமையாக்கியிருக்கிறது. சட்டம் இவ்வளவுதான். சிக்கல் மையத்தின் வாசலில்தான் தொடங்குகிறது.

அதிகம் அலைபவர்கள் பிழைப்புக்காக ஊர் மாறி, வாடகை வீட்டில் இருப்பவர்கள். "கார்டு உங்க ஊர்ல இருக்கு, அங்க போய் வாங்கிக்கோங்க" என்று கைக்குழந்தைக்காரிகளைத் திருப்பி அனுப்புவதைப் பார்த்திருக்கிறேன். இது தவறு. குழந்தை இப்போது எங்கே இருக்கிறதோ அந்த மையத்தில்தான் பெயர் சேர வேண்டும். பழைய ஊரில் பதிவு இருந்தால், அங்கன்வாடிப் பணியாளர் பயன்படுத்தும் 'போஷன் டிராக்கர்' செயலியில் மாற்றித் தரச் சொல்லுங்கள். பிரசவத்துக்குத் தாய்வீடு போனவர்களுக்கும் இதே வழிதான். குழந்தைக்கு ஆதார் எடுக்கவில்லையா? தாயின் ஆதாரை வைத்துப் பதியலாம். வருமானச் சான்றும் தேவையில்லை.

2025 ஜூலையிலிருந்து சத்துமாவு பாக்கெட் வாங்க, செயலியில் முகத்தைக் காட்ட வேண்டும். பதிவுக்கான ஓடிபி ஆதாரில் உள்ள செல் நம்பருக்குத்தான் போகும். ரீசார்ஜ் செய்யாமல் விட்ட பழைய நம்பர் அதில் இருந்தால் வேலை அங்கேயே நின்றுவிடும். அதனால் முதலில் ஆதார் மையத்தில் நம்பரை மாற்றிவிடுங்கள்.

எடை விஷயத்தில் மட்டும் தயவுசெய்து விட்டுக்கொடுக்காதீர்கள். மாதாமாதம் எடை பார்க்க வேண்டும். தராசு பழுது என்றால் போன மாத எண்ணையே எழுதிவிடுவார்கள். ஊட்டச்சத்து குறைந்த குழந்தை என்று பதிவானால் கூடுதல் உணவு உண்டு. எடை குறிக்கும் அட்டையில் தவறான எண் ஏறினால் அந்தக் கூடுதல் உணவு கிடைக்காது. பள்ளியின் காலை உணவும் மதிய உணவும் ஒன்றாம் வகுப்பில்தான் தொடங்குகின்றன. மூளை வேகமாக வளரும் வயதோ அதற்கு முன்பே போய்விடுகிறது. சோர்ந்து கிடக்கும் பிள்ளைக்கு அ, ஆ எப்படி மனதில் ஏறும்? எனவே எடை போடும்போது பக்கத்தில் நின்று, எண்ணைப் பார்த்து, அட்டையை செல்லில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

மறுத்தால் அங்கன்வாடிப் பணியாளரிடம் சண்டை போட வேண்டாம். பல நேரம் அவர் கையில் எதுவும் இருக்காது. வட்டாரக் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலரிடம் எழுத்தில் கொடுங்கள். "அடுத்த வாரம் வாங்க" என்றால், மனு பெற்றதற்குக் கையெழுத்து வாங்காமல் கிளம்பாதீர்கள். அப்புறம் தமிழக அரசின் புகார் உதவி எண்ணான 1100-க்கு அழைத்துப் புகார் எண் வாங்குங்கள். நகர்ப்புறம் என்றாலும் கிராமம் என்றாலும் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் அதே மனுவின் நகலைக் கொடுக்கலாம்.