மாற்றுத்திறனாளிகளுக்கு விளையாட்டு: சட்டம் தருவதும் தொண்டு நிறுவனம் செய்ய வேண்டியதும்

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016-இன் 30-ஆவது பிரிவு முழுக்க விளையாட்டைப் பற்றியது. மைதானங்களை மாற்றியமைப்பது, பயிற்சித் திட்டங்களில் எல்லோரையும் சேர்ப்பது, நவீனப் பயிற்சி வசதிக்கு நிதி ஒதுக்குவது, தனிப் போட்டிகள் நடத்துவது ஆகிய எல்லாவற்றையும் அரசும் விளையாட்டு ஆணையங்களும் செய்தாக வேண்டும். இது சலுகை இல்லை, உரிமை. அரசு மைதானத்தில் பயிற்சி நேரம் கேட்டு எழுதும் கடிதத்தில் இந்தப் பிரிவின் எண்ணைக் குறிப்பிடுங்கள். மறுத்தாலோ பதிலே வராவிட்டாலோ மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் முறையிடலாம். அதை விசாரிக்கும் பொறுப்பை 80-ஆவது பிரிவு அவருக்குத் தந்திருக்கிறது. வாய்மொழி மறுப்பை வைத்து எதுவும் செய்ய முடியாது. அதனால் கடிதத்தைக் கொடுத்து, நகலில் தேதியுடன் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

பிள்ளையை மைதானத்துக்கு அழைத்து வருவது, பொருந்தும் விளையாட்டைக் கண்டுபிடிப்பது, காகிதங்களைச் சேர்ப்பது போன்ற வேலைகள் பெரும்பாலும் தொண்டு நிறுவனங்கள் கையில்தான் இருக்கின்றன. முதல் சிக்கலும் அங்கேதான் வரும். கையிலிருக்கும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையே போட்டிக்குப் போதும் என்று நினைத்துவிடுகிறார்கள். அட்டைக்கு அளவுகோல் வேறு, போட்டிக்கு அளவுகோல் வேறு.

சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. பாராலிம்பிக் விளையாட்டு ஏற்பது 10 வகையை மட்டுமே. தசை பலக் குறைவு, கை கால் இழப்பு, கால் நீள வேறுபாடு, குள்ளத்தன்மை, பார்வைக் குறைபாடு, அறிவுசார் குறைபாடு போன்றவை அவற்றில் அடங்கும். தலசீமியா என்ற இரத்தக் குறைபாடு சட்டத்தின் பட்டியலில் உண்டு, ஆனால் அதை மட்டும் வைத்துப் பாரா போட்டியில் வகுப்பு (குறைபாட்டைப் பொறுத்து வீரர்களைச் சேர்க்கும் பிரிவு) கிடைக்காது. தடகளத்தில் கால் நீள வேறுபாடு குறைந்தது 7 செ.மீ. இருக்க வேண்டும். பார்வையைக் கண்ணாடி போட்ட நிலையில், நன்றாகத் தெரியும் கண்ணை வைத்தே கணக்கிடுவார்கள். அதனால் ஒரு கண்ணில் மட்டும் பார்வை இழந்தவர் தகுதி பெறுவதில்லை.

செவித்திறனில் கதை தலைகீழ். சட்டப்படி இரு காதுகளிலும் 60 டெசிபல் இழப்பு இருந்தால்தான் செவித்திறன் குறைந்தவர். காதுகேளாதோருக்கான சர்வதேசப் போட்டியான டெஃப்லிம்பிக்ஸில் நன்றாகக் கேட்கும் காதில் 55 டெசிபல் இழப்பு இருந்தாலே போதும். அட்டை கிடைக்காத ஒரு பிள்ளைக்கும் அந்த மைதானத்தில் இடம் இருக்கலாம், அதனால் ஆடியோகிராமை (செவித்திறன் பரிசோதனை அறிக்கையை) பார்க்காமல் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். களத்தில் காது கேட்கும் கருவியைக் கழற்றிவிட வேண்டும் என்பதையும் பயிற்சியின் முதல் நாளிலிருந்தே பழக்குங்கள்.

போக வேண்டிய அமைப்பும் மூன்று. உடல், பார்வைக் குறைபாடு என்றால் இந்தியப் பாராலிம்பிக் கமிட்டி. செவித்திறன் குறைந்தவர்களுக்குப் பாராலிம்பிக்கில் தனிப் பிரிவு கிடையாது, அவர்களுக்கென்று காதுகேளாதோர் விளையாட்டுக் கவுன்சில் தனியாக இருக்கிறது. அறிவுசார் குறைபாடுள்ளவர்களுக்குப் பாராலிம்பிக்கிலும் இடம் உண்டு, ஆனால் அவர்களுக்கென்றே இருப்பது ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் பாரத். அங்கே 8 வயதிலிருந்து போட்டியிடலாம், மேல் வயது வரம்பு கிடையாது. பதக்கம் குவிக்க முடியாத பிள்ளைக்கும் அங்கே முழு இடம் உண்டு என்பதைப் பெற்றோருக்கு அழுத்திச் சொல்லுங்கள்.

வகுப்புப் பிரிப்புக்குப் போகும்போது மருத்துவ அறிக்கைகள், விளையாடும் உடை, போட்டியில் பயன்படுத்தும் கருவி மூன்றும் கையில் இருக்க வேண்டும். பல மாதம் உழைத்த வீரர் ஒரு ஸ்கேன் அறிக்கை இல்லாமல் திரும்புவது தாங்க முடியாத வேதனை, கொஞ்சம் கவனித்தால் தவிர்க்கக் கூடியதும்கூட. உட்கார்ந்து எறியும் போட்டிக்கான நாற்காலியை உள்ளூர்ப் பட்டறையில் செய்துகொள்ளலாம். ஆனால் மெத்தையையும் சேர்த்து இருக்கையின் உயரம் 75 செ.மீ. தாண்டக் கூடாது. மெத்தையைக் கணக்கில் விட்டுவிட்டு, களத்தில் நாற்காலி நிராகரிக்கப்படும்போதுதான் பலர் விழிக்கிறார்கள்.

அடுத்தது பணம். கம்பெனிகள் சட்டம், 2013-இன் ஏழாவது அட்டவணை, கம்பெனிகள் தங்கள் சமூகப் பொறுப்பு (சிஎஸ்ஆர்) நிதியைச் செலவிடத்தக்க பணிகளில் பாராலிம்பிக் விளையாட்டையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. ஆனால் அங்கே இருக்கும் சொல் ‘பயிற்சி’. மாரத்தான், பரிசளிப்பு போல ஒரு நாளில் முடியும் நிகழ்ச்சி இந்த நிதியில் சேராது என்று 2014-லேயே சுற்றறிக்கை வந்துவிட்டது. அதனால் ‘விளையாட்டு விழா’ என்று தலைப்பிட்ட விண்ணப்பம் திரும்பி வரும். அதே பிள்ளைகளுக்கு, அதே மைதானத்தில், வாரம் எத்தனை நாள், எத்தனை பேர், யார் பயிற்சியாளர் என்று எழுதிய ஓராண்டுப் பயிற்சித் திட்டத்தை ஏற்க வாய்ப்பு அதிகம். கம்பெனி தன் விளம்பரத்துக்காகத் தரும் ஸ்பான்சர்ஷிப்பும் இந்தக் கணக்கில் வராது. வெளிநாட்டுச் செலவுக்குப் பொதுவாகத் தடை உண்டு, ஆனால் மாநிலத்துக்காகத் தேசிய அளவிலோ இந்தியாவுக்காகச் சர்வதேச அளவிலோ ஆடும் வீரர்களின் பயிற்சிக்கு விலக்கு இருக்கிறது.

பணம் வாங்கும் அறக்கட்டளைக்கோ சங்கத்துக்கோ வருமான வரி விலக்குக்கான 12ஏ, 80ஜி பதிவுகள், மூன்றாண்டுச் செயல்பாட்டுச் சான்று, சிஎஸ்ஆர் நிதி பெறுவதற்கான சிஎஸ்ஆர்-1 படிவத்தில் பதிந்து பெற்ற எண் ஆகியவை வேண்டும். புதிதாகத் தொடங்கிய அமைப்பு இந்த மூன்றாண்டு நிபந்தனையில்தான் தடுக்கி விழும். அதுவரை ஏற்கெனவே தகுதியுள்ள ஒரு நிறுவனத்தோடு சேர்ந்து வேலை செய்வது நல்லது.

இந்த நிதியில் வாங்கும் விளையாட்டு சக்கர நாற்காலி போன்ற சொத்துகளைக் கம்பெனி தன் பெயரில் வைத்துக்கொள்ளக் கூடாது. பதிவு பெற்ற தொண்டு நிறுவனத்தின் பெயரிலோ, பயனாளிகள் குழுவின் பெயரிலோ, அரசு அமைப்பின் பெயரிலோதான் அவை இருக்க வேண்டும். அரசு மைதானத்தில் வைத்துப் பயன்படுத்தப் போகிறீர்கள் என்றால் சாவி யாரிடம், டயர் மாற்றும் செலவு யாருடையது, ஞாயிற்றுக்கிழமை யார் திறந்துவிடுவார் என்பதையெல்லாம் ஒப்பந்தத்திலேயே எழுதி இரு தரப்பும் கையெழுத்திடுங்கள்.