பின்பக்கத்தால் மூச்சு, கீழுதட்டால் வேட்டை

மலேசியாவின் பத்தாங் பெர்ஜுந்தையில் இருந்து ஒரு தமிழ்ப்பள்ளி மாணவி கேட்டிருக்கிறார்: "கெப்போங் வன ஆராய்ச்சிக் கழகத்துக்கு வகுப்போடு போனோம். மரத்தோட்டத்தைச் சுற்றிவிட்டுக் குளக்கரையில் உட்கார்ந்திருந்தபோது, தண்ணீருக்குள் ஒரு பழுப்புப் பூச்சி காலையே அசைக்காமல் சர்ரென்று பாய்ந்தது. அது என்ன?"

முதலில் அந்த இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இன்று நாம் அண்ணாந்து பார்க்கும் அந்தக் காடு இயற்கையாக வந்ததில்லை. கைவிடப்பட்ட ஈய லம்பமும் (சுரங்கமும்) காய்கறித் தோட்டமுமாகக் கிடந்த நிலத்தில், 1920களில் இருந்து மரம் மரமாக நட்டு வளர்த்தது. 2025இல் யுனெஸ்கோ அதை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. ஈயம் தோண்டிய பள்ளங்கள் நிறைந்த ஊரில் வளரும் பிள்ளைகள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

மாணவி பார்த்தது தும்பியின் இளம்பருவம். தும்பி முட்டையிடுவதும், முட்டையில் இருந்து வந்தது வளர்வதும் தண்ணீரில்தான். இறக்கையோடு பறப்பது அதன் வாழ்வின் கடைசிப் பகுதி மட்டுமே.

இந்த இளந்தும்பிக்குச் செவுள் இருப்பது மலக்குடலுக்குள். பின்பக்கத் துளை வழியாகத் தண்ணீரை உள்ளே இழுத்து, அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு, மெல்ல வெளியே விடும். ஆபத்து வந்தால் வயிற்றைச் சட்டென இறுக்கி அதே தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கும். கால்களை உடம்போடு ஒட்டி மடக்கிக்கொண்டு முன்னால் பாயும். மாணவி கண்டது இதைத்தான்.

எனக்கு இதைவிடப் பிடித்தது அதன் கீழுதடு. உதடு என்றால் நம்முடையதைப் போல் இல்லை. தலையோடு சேரும் இடத்தில் ஒன்றும் நடுவில் ஒன்றுமாக இரண்டு மூட்டு வைத்து, தலைக்கு அடியில் இரண்டாக மடிந்து கிடக்கும் ஒரு நீளமான கை. நுனியில் இரண்டு கொடுக்குகள். சிலவகைத் தும்பிகளில் அது கரண்டிபோல் குழிந்து முகத்தின் பாதியை மூடியிருக்கும். இளந்தும்பி சேற்றில் அசையாமல் கிடக்கும். கொசுப்புழுவோ தவளைக் குஞ்சோ எட்டும் தூரத்தில் வந்தால், நாம் கண்ணை இமைப்பதற்குள் உதடு நீண்டு, கவ்வி, இரையை வாய்க்குக் கொண்டுவந்துவிடும்.

தசை சுருங்குவதற்கு ஒரு வேக வரம்பு உண்டு. அந்த வேகத்தில் உதட்டை நீட்டினால் இரை தப்பிவிடும். பிறகு எப்படி? வயிற்றை இறுக்கும்போது எழும் நீரழுத்தமே உதட்டைத் தள்ளுகிறது என்று நெடுங்காலம் கருதப்பட்டது. ஜெர்மனியின் கீல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021இல் வேறொரு விளக்கம் தந்தார்கள். மூட்டைத் தாழ்ப்பாள் போன்ற ஓர் அமைப்பு பிடித்துக்கொள்கிறது. தசை மெதுவாக இழுத்து, மீள்தன்மையுள்ள பகுதிகளில் ஆற்றலைச் சேர்த்து வைக்கிறது. தாழ் விலகியதும் சேர்த்த ஆற்றல் ஒரேயடியாக வெளிப்படுகிறது. தோட்டத்துப் பிள்ளைகள் லாஸ்டிக்கை (கவணை) இழுத்துப் பிடித்து விடுவதும் இதே கணக்குதான்: கை இழுப்பது மெதுவாக, கல் பறப்பது வேகமாக. இளந்தும்பியிடம் அப்படி இரண்டு இருக்கின்றன, ஒவ்வொரு மூட்டுக்கும் ஒன்று. இரண்டும் ஒன்றோடொன்று இசைந்து விடுபடுவதால் உதடு குறி தவறாமல் நேராகப் போகிறது. ஆய்வாளர்கள் இதைப் பார்த்து ஓர் இயந்திர உதட்டையே செய்து காட்டினார்கள்.

அடுத்த முறை குளத்துக்குப் போனால் கரையோரப் புல்தண்டுகளைப் பாருங்கள். தும்பி வெளியேறிய பிறகு விட்டுப்போன காய்ந்த தோல் ஒட்டியிருக்கும். முதுகில் ஒரு பிளவு, தலைக்கு அடியில் மடிந்த அந்த உதடு, எல்லாம் அப்படியே தெரியும். ஈர்க்குச்சியால் மெல்ல நெம்பினால் மூட்டு எங்கே என்று புரியும்.

படுக்கையை நனைக்கும் குழந்தையின் தொப்புளைத் தும்பியைவிட்டுக் கடிக்க வைத்தால் சரியாகும் என்றொரு நம்பிக்கை நம் நாட்டுக் கம்பங்களில் (கிராமங்களில்) உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள். அதில் குழந்தைக்கும் பூச்சிக்கும் வலிதான் மிச்சம்.

தும்பியால் உண்மையிலேயே கிடைக்கக்கூடிய மருத்துவப் பயன் வேறு. மியன்மாரின் யங்கோன் நகரில் வீட்டுத் தண்ணீர்த் தொட்டிகளில் ஒருவகைச் சிவப்புத் தும்பியின் இளம்பருவத்தை மக்கள் துணையோடு விட்டுப் பார்த்தார்கள். டிங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு வெகுவாகக் குறைந்தது என்று 1990இல் ஆய்வு வெளியானது. அதே சிவப்புத் தும்பி மலேசியாவிலும் இருக்கிறது. நாமோ வீடுவீடாகப் புகை அடிக்கிறோம். அது பறக்கும் கொசுவைக் கொல்லும், தண்ணீரில் இருக்கும் புழுவைத் தொடாது. புகைக்குப் போகும் பணத்தில் ஒரு சிறு பங்கையாவது தோட்டப்புறத் தண்ணீர்த் தொட்டிகளில் இந்த முறையைச் சோதிக்க ஒதுக்க வேண்டும் என்பது என் கருத்து.